பின் டயர் பஞ்சர்: ஒட்டலாமா, மாத்தலாமா?
ப்ரோ, ட்யூப்லெஸ் பின் டயர்ல ஆணி ஏறிருச்சு, கடைக்காரர் புதுசு போடச் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஓட்டை எங்கன்னு பாருங்க. தரையில படுற நடுப்பகுதில 6 மிமீக்குள்ளன்னா தாராளமா ஒட்டலாம், ஆனா வெளியில இருந்து ரப்பர் ஸ்ட்ரிப் சொருகுறதோட விட்டுடாம, டயரைக் கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் பேட்ச் (காளான் மாதிரி, தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்ள ஒட்டிக்கும்) போடச் சொல்லுங்க. பக்கச்சுவர்ல ஓட்டைன்னா யோசிக்கவே வேணாம், மாத்திடுங்க, ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி நிமிரும், எந்த ஒட்டும் நிக்காது. எனக்கு பைபாஸ்ல 70ல போறப்ப ஸ்ட்ரிப் பிடுங்கிட்டு வண்டியோட பின்பக்கம் அப்படியே அலைபாஞ்சுது, இன்னும் மறக்கல. அப்புறம் டயர் பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டை) இடுக்குல சின்ன மேடு இருக்கும் பாருங்க, ரப்பர் அது வரைக்கும் தேஞ்சிருந்தா பஞ்சருக்குச் செலவு பண்ணாதீங்க. டயர் எவ்வளவு பழசுன்னு தெரிய பக்கவாட்டுல இருக்குற நாலு இலக்க நம்பரையும் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர்.