செய்தி இல்லாத வெள்ளிக்கிழமை

கேள்வி: 1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலி, 'இன்று செய்தி எதுவும் இல்லை' என்று அறிவித்துவிட்டு பியானோ இசையை ஒலிபரப்பியதாமே? உலகம் அன்று எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறது! 24 மணி நேரமும் கத்தும் இன்றைய சேனல்களுக்கு இந்தப் புத்தி வராதா? அந்தத் தேதிக்கு வேறு ஏதாவது விசேஷம் உண்டா?

பதில்: பியானோ உண்மை. நிம்மதி உங்கள் கற்பனை.

அன்று புனித வெள்ளி. இரவு 8.45 செய்தி நேரம். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார், இன்று புனித வெள்ளி என்றார், செய்தி இல்லை என்றார். ஒதுக்கியிருந்த பதினைந்து நிமிடத்தில் மிச்சமெல்லாம் பியானோ. சொந்தமாக ஒரு நிருபர் படை பிபிசிக்கு அப்போது கிடையாது. செய்தி முகமைகள் அனுப்புவதைத் தொகுத்துப் படிப்பார்கள். விடுமுறை நாளில் மேஜைக்கு வந்ததில் படிக்கத் தகுந்ததாக எதுவும் தென்படவில்லை. லண்டனில் ஒரு மேஜை காலியாக இருந்ததை உலகமே அமைதியாக இருந்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அதே ஏப்ரல் 18 இரவு பத்து மணிவாக்கில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங்கில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக என்ன நடந்தது என்று பாருங்கள். 'மாஸ்டர்தா' என்று பிள்ளைகள் அழைத்த பள்ளி ஆசிரியர் சூரிய சென்னின் தலைமையில் சுமார் 60 இளைஞர்கள், பல குழுக்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். கணேஷ் கோஷின் குழு போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. லோகநாத் பாலின் குழு துணைப்படையின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. அம்பிகா சக்ரவர்த்தியின் ஆட்கள் தொலைபேசி, தந்திக் கருவிகளை நொறுக்கினார்கள். வேறொரு குழு தண்டவாளத்தைப் பெயர்த்தது. போலீஸ் கிடங்கின் முன்னால் தேசியக் கொடி ஏறியது. தற்காலிகப் புரட்சி அரசு அமைந்துவிட்டதாக சூரிய சென் அறிவித்தார்.

இரண்டு இடங்களில் மட்டும் கணக்கு பிசகியது. துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான தோட்டாக்கள் கிடைக்கவில்லை. ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கப் போனவர்களுக்கு அங்கே ஆளே அகப்படவில்லை. காரணம்? புனித வெள்ளி! லண்டனில் செய்தி மேஜையைக் காலி செய்த அதே விடுமுறை, சிட்டகாங்கில் கிளப்பையும் காலி செய்திருந்தது. விடுமுறை எவரெவர் உயிரைக் காப்பாற்றும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். சிட்டகாங்கில் இரவு பத்து என்றால் லண்டனில் மாலை ஐந்தை ஒட்டிய நேரம். அறிவிப்பாளர் வாய் திறந்தபோது தாக்குதல் நடந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிட்டகாங்கில் தேதியே 19 ஆகிவிட்டது. செய்தி போகக்கூடாது என்பதற்காகத்தானே அந்த இளைஞர்கள் தந்தியை அறுத்தார்கள்? பிபிசியின் அந்த மௌனத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்ல எனக்கு ஆசைதான். நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

நான்கு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில் படையோடு நடந்த மோதலில் அவர்களில் 12 பேர் இறந்தார்கள். சூரிய சென் 1933-ல் பிடிபட்டு, 1934 ஜனவரி 12 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அதே புனித வெள்ளியன்று ருமேனியாவில் கோஸ்தெஷ்தி என்ற ஊரில், மரத்தால் கட்டிய தேவாலயம் வழிபாட்டின்போது தீப்பற்றி 118 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். அதுவும் அன்றைய 'செய்தி இல்லை'க்குள் அடக்கம். அந்த ஏப்ரலே அப்படிப்பட்ட மாதம்தான். 6-ஆம் தேதி தண்டியில் காந்தி உப்பு எடுத்தார். ராஜாஜியின் தொண்டர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். 23-ஆம் தேதி பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் கூட்டத்தின் மீது பிரிட்டிஷ் படை சுட்டது. இதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்து வைத்துக்கொண்டு 'ஆகா, நிம்மதி' என்கிறீர்கள்.

சேனல்கள் கத்துவதை நானும் ரசிக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது வாயை மூடிக்கொள்வது நல்ல பழக்கம்; அந்த அளவில் பிபிசிக்கு ஒரு கும்பிடு. ஆனால் 'எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் 'செய்தி இல்லை' என்று சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

இதே தவறைக் கணினியும் செய்திருக்கிறது. 2010-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் டன்ஸ்டால்-பீடோ, கோடிக்கணக்கான தகவல்களைத் தன் கணினி நிரலுக்குள் போட்டு, 1900-க்குப் பிறகு வந்த நாட்களில் படுமந்தமான நாள் எது என்று கேட்டார். 1954 ஏப்ரல் 11 என்று பதில் வந்தது. பெல்ஜியத்தில் ஒரு பொதுத் தேர்தல், துருக்கியில் பின்னாளில் பேராசிரியரான ஒருவரின் பிறப்பு, அந்த மட்டில் முடிந்ததாம். பெல்ஜியக்காரர்கள் கோபித்துக்கொண்டார்களா தெரியாது. இவ்வளவு பேர் மந்தம் என்று எழுதி எழுதியே அந்த நாள் இப்போது பிரபலமாகிவிட்டது!

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல் 18-க்கு விசேஷம் உண்டா? ஏராளம்.

1906-ல் அன்று அதிகாலை 5.12-க்கு சான் பிரான்சிஸ்கோ குலுங்கியது. முந்தின இரவுதான் அங்கே 'கார்மென்' ஆபெராவில் பாடி முடித்திருந்தார் இத்தாலியப் பாடகர் கரூசோ. ஓட்டலை விட்டு ஓடியவர், பிறகு அந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அன்றைய அரசுக் கணக்கில் இறந்தவர்கள் சில நூறு பேர். பல பத்தாண்டுகள் கழித்து, அந்த நகரத்து நூலகர் கிளாடிஸ் ஹான்சன் பெயர் பெயராகத் தேடி எடுத்த பிறகுதான் எண்ணிக்கை 3000-ஐத் தாண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். சீனர் குடியிருப்பில் செத்தவர்களை முதலில் யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை.

1775-ல் அதே தேதியின் இரவில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்க பாஸ்டனிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் குதிரை ஏறிக் கிளம்பினார் பால் ரிவியர். அமெரிக்கப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்தக் கதை மனப்பாடம். அதே வேலையாக வேறொரு வழியில் போன வில்லியம் டாஸ் என்பவரை யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் படை குறிவைத்திருந்த கான்கார்டு என்ற ஊர் வரை போய்ச் சேர்ந்தது இந்த இருவருமே இல்லை. ரிவியர் வழியில் பிரிட்டிஷ் காவலர்களிடம் பிடிபட்டார். நடுவழியில் சேர்ந்துகொண்ட சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர்தான் தப்பிப் போய் ஊரை எழுப்பினார். பிறகு எப்படி ரிவியருக்கு மாலை? 85 ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ ஒரு கவிதை எழுதினார். அதில் ரிவியர் ஒருவரே ஊர் ஊராகப் போய், கான்கார்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறார். டாஸுக்கும் பிரெஸ்காட்டுக்கும் அதில் ஒரு வரி கூட இல்லை.

இதையும் 1955 ஏப்ரல் 18-ஐயும் சேர்த்துப் படித்தால்தான் சுவாரசியம். அன்று பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஐன்ஸ்டைன் இறந்தார். கடைசியாக ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த நர்ஸுக்கு ஜெர்மன் தெரியாது. அதே தேதியில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. 'அதே தேதி' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பாண்டுங்கில் காலையில் மாநாடு தொடங்கியபோது பிரின்ஸ்டனில் இன்னும் 17-ஆம் தேதி இரவு. ஐன்ஸ்டைன் உயிரோடுதான் இருந்தார்.

மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ. நேருவும் சீனப் பிரதமர் சூ என்-லாயும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் அந்தக் கூட்டத்தை அமெரிக்க அரசு சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவுக்கு அழைப்பும் கிடையாது. சுகர்னோ பேச எழுந்தார். இன்று என்ன நாள் தெரியுமா என்கிற தோரணையில் ஆரம்பித்து, சரியாக 180 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஏப்ரல் 18 நள்ளிரவில் பால் ரிவியர் குதிரை ஏறினார் என்றார். காலனி ஆட்சிக்கு எதிராக வெற்றி கண்ட முதல் போர் அமெரிக்கர்களுடையது என்றார். அதோடு விடாமல் லாங்ஃபெல்லோவின் வரிகளையும் எடுத்துவிட்டார்.

'இன்று வரலாற்றில்' என்ற துணுக்கை இதைவிடக் குறும்பாக யாரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. அரங்கில் இருந்த பிரதிநிதிகளில் ரிவியரின் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேரோ. சுகர்னோவுக்கு அது முக்கியமில்லை. கேட்க வேண்டியவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள்.