‘கடிதம் வரவில்லை’: கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா எழுதிய ஏழு நாட்குறிப்பேடுகள் அண்மையில் என்னிடம் வந்து சேர்ந்தன. நாளுக்கு இரண்டு வரிகளுக்கு மேல் அவர் எழுதவில்லை. “மழை. வெளியே செல்லவில்லை”, “சுவர் வேலை. கை வலி”, “கடிதம் வரவில்லை” என்றே போகிறது. மை பழுப்பேறிவிட்டது, சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, முதல் ஏட்டில் ஆண்டும் இல்லை. இவற்றைக் கொண்டு அவருடைய அன்றாட வாழ்க்கையை அறிய முடியுமா?

பதில்: முடியும். வரிகள் சுருக்கமாக இருக்கின்றனவே என்று நீங்கள் சோர்வடைய வேண்டாம். இன்றைய அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் பகுதியில் வாழ்ந்த மார்த்தா பாலர்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை எழுதிய நாட்குறிப்பும் இப்படிப்பட்டதுதான்: வானிலை, சென்ற வீடு, பிறந்த குழந்தை, வீட்டு வேலை. அற்பச் செய்திகள் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட அந்த வரிகளைப் பொறுமையாக எண்ணித் தொகுத்தபோதுதான், அவர் 816 பிரசவங்களைப் பார்த்தவர் என்பதும், அவருடைய உழைப்பைச் சுற்றி ஓர் ஊரே இயங்கியது என்பதும் தெரியவந்தன.

படிக்கத் தொடங்குமுன் ஏடுகளைக் காப்பாற்றியாக வேண்டும். பழுப்பேறிய மை பெரும்பாலும் இரும்புச் சத்தும் தாவரத் துவர்ப்பும் சேர்த்துச் செய்யப்பட்டதாக இருக்கும். அது எழுதிய பின் கருத்து, காலப்போக்கில் பழுப்பாகி, தன் அமிலத்தால் தாளையே அரிக்கும். ஆகவே ஈரம் படவே கூடாது. ஒட்டிய பக்கங்களை ஆவி காட்டியோ கத்தி நுழைத்தோ பிரிக்காமல், காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெருந்தீங்குகள். துணிக் கையுறையும் வேண்டாம். விரலின் உணர்வு மழுங்கித் தாள் கிழியும். கழுவி நன்றாக உலர்த்திய கையே போதும். பிறகு வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில், அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாமல் வரிசையாகப் படமெடுங்கள். இடையில் துண்டுச் சீட்டோ ரசீதோ இருந்தால், அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்ட பிறகே எடுங்கள்.

இனிப் படங்களைப் பார்த்து, பிழைகளையும் சுருக்கங்களையும் திருத்தாமல், உள்ளது உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள். ஐயமான சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு இடுங்கள். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகளும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களும் முதலில் தடுமாறச் செய்யும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵ என்ற குறிகளும் வரலாம். பத்துப் பக்கம் கடந்தால் அவருடைய கை உங்களுக்குப் பழகிவிடும். ஆண்டு இல்லாத ஏட்டில் தேதியோடு கிழமையும் இருக்கிறதா என்று பாருங்கள்: ஆங்கிலத் தேதியானால், அதே தேதி அதே கிழமையில் வருவது பொதுவாக 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் என்பதால், அவர் வாழ்ந்த காலத்துக்குள் சில ஆண்டுகளே எஞ்சும்.

உங்கள் மூன்று வரிகளில் என்னை நிறுத்தியது “கடிதம் வரவில்லை” என்பதுதான். கடிதம் வராத நாள் எல்லோருக்கும் உண்டு. அதை எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார். ‘இல்லை’ என்று முடியும் வரிகளை மட்டும் தனியே தொகுத்துப் பாருங்கள். அந்த வரி எந்த நாளில் தொடங்குகிறது, எத்தனை முறை வருகிறது, எப்போது நிற்கிறது, நின்ற அன்று அவர் என்ன எழுதினார் என்பவற்றில் அவருடைய எதிர்பார்ப்பின் கால அளவு உங்கள் கைக்கு வரும். அதே போல நாள், வேலை, உடல்நிலை, வந்தவர், வானிலை என்று கட்டம் போட்டு நிரப்பினால், கை வலி சுவர் வேலையோடு மட்டும் வருகிறதா, மழை நாளிலும் வருகிறதா என்பது தெரியும்; முன்னது உழைப்பின் வலி, பின்னது நோயாக இருக்கலாம். கையெழுத்து பெரிதாவதையும் நடுங்குவதையும்கூட அந்தக் கட்டத்தில் ஏற்றுங்கள்.

எழுதாத நாள்களைக் குறித்து மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் வெறுமையாக இருப்பதற்குத் துக்கமும் காரணமாகலாம், பயணமும் காரணமாகலாம், மை தீர்ந்ததும் காரணமாகலாம். வேறு ஆவணமோ உறவினர் நினைவோ உறுதிப்படுத்தும் வரை அதை வெறுமையாகவே விடுவதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம். பிறருடைய கடனும் நோயும் குறிப்பிடப்பட்டிருந்தால், அவர்களின் வழிவந்தவர்களை எண்ணி, உறவினரிடையே பகிரும் படியில் அப்பெயர்களை மறைத்துவிடுங்கள்.

ஒவ்வோர் ஏட்டின் பின்னட்டையின் உட்புறத்தையும் உருப்பெருக்கியால் ஒருமுறை பாருங்கள். பேனாவைச் சோதித்த கிறுக்கலும், அவசரக் கணக்கும், மறக்கக் கூடாத முகவரியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவர் காத்திருந்த கடிதம் யாருடையது என்பதற்கான விடையும் அங்கே இருக்கலாம்.