300 மீட்டரில் ஸ்கோப்பைச் சீரோ செய்ய எத்தகைய இலக்குத் தாள் ஏற்றது?

துப்பாக்கி ஸ்கோப்பைச் சீரோ செய்ய, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்ய, 100 மீட்டரில் பயன்படுத்திய சிறு வட்டப்புள்ளித் தாளே 300 மீட்டருக்கும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்ற கோண அளவு 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ., 300 மீட்டரில் 8.7 செ.மீ. என விரிவதால், அருகில் தெளிவாகத் தெரிந்த 3 செ.மீ. புள்ளி, தொலைவில், ஸ்கோப்பினுள் தெரியும் தடித்த குறுக்குக்கோட்டின் பின்னால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வட்டத்தைவிட, முனையில் நிற்கும் சதுரத்தையே நான் விரும்புவேன். வட்டத்தின் நடுவைக் கண் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சதுரத்தின் நான்கு முனைகளோ குறுக்குக்கோடுகளோடு நேராகப் பொருந்துவதால், சிறு விலகலும் உடனே புலப்படும். அதன் பக்கம் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கலாம். உட்புறம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் குண்டுத் துளைகள் தெரியாமல் போகும் என்பதால், தடித்த விளிம்பும் வெள்ளை நடுவும் கொண்ட தாள் நல்லது.

கட்டக் கோடுகள் உங்கள் ஸ்கோப்பின் அலகிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் பலர் கவனிக்கத் தவறுவது. மில் என்பது இன்னொரு கோண அளவு; 100 மீட்டரில் அது 10 செ.மீ. திருகியின் ஒரு கிளிக்குக்கு 0.1 மில் நகரும் ஸ்கோப்புக்கு, 300 மீட்டரில் 3 செ.மீ. கட்டம் சரியாக ஒரு கிளிக்கைக் குறிக்கும். அங்குலக் கட்டத்தாளை வைத்தால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டிவரும். நீங்களே அச்சிடுவதானால், அச்சுப்பொறி பக்கத்துக்கேற்பப் படத்தைச் சுருக்கியிருக்கிறதா என்று அளவுகோலால் சரிபாருங்கள். நான் ஒருமுறை அதில் ஏமாந்திருக்கிறேன். தாளைச் சுற்றி அகன்ற வெற்று அட்டை இருந்தால், விலகிச் சென்ற முதல் குண்டும் தன் தடத்தைக் காட்டிவிடும்.