பெங்களூரு மென்பொருள் நிறுவன நேர்காணலில் என்னதான் கேட்பார்கள்?

கோவையில் மூன்று வருட அனுபவத்தோடு பெங்களூருக்கு மாற நினைக்கிறேன், எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முதலில் கோடிங் சுற்று, அப்புறம் டிசைன் (ஒரு மென்பொருளை எப்படி வடிவமைப்பீர்கள் என்பது), மேனேஜர், கடைசியில் எச்ஆர்.

கோடிங் சுற்றில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதுவும் விடை தெரிந்தவர்களே. பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 50 வரும் என்று கேட்டால், ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) இன்னொரு லூப் போட்டு உடனே எழுதிவிடலாம், ஆனால் எண்கள் கூடக்கூட அது மிக மெதுவாகிவிடும். அதனால் "பத்து லட்சம் எண்கள் இருந்தால்?" என்று அடுத்த கேள்வி வரும்போது, ஒவ்வொரு எண்ணையும் ஹேஷ் மேப்பில் (போட்டதை உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணை) போட்டுக்கொண்டே போய், 50-க்கு மீதி வேண்டிய எண் ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரே சுற்றில் முடியும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மௌனமாக டைப் செய்தால் நீங்கள் யோசிப்பது எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நேர்காணல் எடுப்பவர் தமிழராகவே இருந்தாலும் பேச்சு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் வீட்டிலேயே சத்தமாகப் பேசிப் பழகுங்கள்.

எச்ஆர் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம்) கேட்பார், 90 நாள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிடிசி (உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) தொகையைப் பார்த்து உடனே சரி சொல்லாதீர்கள்: நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள்.