முதலில் பீரங்கி, அப்புறம்தான் கரண்ட்

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் இன்வர்ட்டருக்குப் பேட்டரி வாங்கினேன். "உள்ளே ஆறு செல் இருக்கு சார்" என்று அளந்தார் கடைக்காரர். செல்லும் பேட்டரியும் ஒன்றுதானே? பீரங்கிப் படைக்கும் பேட்டரி என்கிறார்களே, மின்சாரத்தில் வெடிப்பதாலா?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: கடைக்காரர் அளக்கவில்லை, நீங்கள்தான் தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள். பிரெஞ்சில் 'அடிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்தது பேட்டரி. கோட்டைச் சுவரை நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் உண்டு. மின்சாரத்துக்கு அதை இழுத்துவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 11 கண்ணாடிப் பலகைகளில் இரு பக்கமும் ஈயத் தகடு ஒட்டி, எல்லாவற்றையும் இணைத்து, மொத்த மின்சாரமும் ஒரே நேரத்தில் பாயும்படி செய்து, அதற்கு 'எலெக்ட்ரிக்கல் பேட்டரி' என்று பேர் வைத்ததாக 1749இல் லண்டன் நண்பர் காலின்சனுக்கு எழுதுகிறார். மனிதர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்: அதே கடிதத்தின் கடைசியில், ஆற்றங்கரையில் விருந்து வைத்து, வான்கோழியை ஷாக் கொடுத்துக் கொன்று, இந்தப் பேட்டரியின் பீரங்கி முழக்கத்தோடு மது அருந்தப்போவதாக நக்கலடிக்கிறார்.

சரி, அது இன்றைய கணக்கில் கெப்பாசிட்டர்தான், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடும் சாதனம். தொடர்ந்து கரண்ட் தரும் அடுக்கை 1800இல் அறிவித்தவர் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா; பழைய பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

ஆக, பல சேர்ந்து ஒன்றாக வேலை செய்தால்தான் பேட்டரி. உங்கள் பேட்டரியின் தலையில் ஆறு மூடி இருக்கும், பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு செல், செல்லுக்கு 2 வோல்ட், மொத்தம் 12. உள்ளே தடுப்புச் சுவர் இருப்பதால்தான் டிஸ்டில்டு வாட்டரை ஆறிலும் தனித்தனியாக ஊற்றச் சொல்கிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவது வெறும் செல். பள்ளிப் புத்தகத்திலும் மின்கலம் வேறு, மின்கல அடுக்கு வேறு. டாக்டர் வரிசையாக எழுதித்தரும் டெஸ்டுகளை இங்கிலீஷில் பேட்டரி என்பதும் இந்தக் கூட்டக் கணக்கில்தான். (உங்கள் தெருக்கடையில் பாக்கெட்டில் விற்கும் தோசை 'பேட்டர்' கூட அதே பிரெஞ்சு வேர்தான், அடித்துக் கலக்குவதால்.)

செல்போன் கதைதான் வேறு. அதற்குப் பேட்டரி கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் ஒரே ஒரு லித்தியம் செல்தான் இருக்கும். அங்கே போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நியாயம்.