செத்த கோழியும் கூண்டுச் சிங்கமும்: பறவைக் காய்ச்சல் கேள்வி பதில்

டர்பன் வட்டாரத் தமிழ் அன்பர்களின் கேள்விகளுக்கு, காட்டு விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

டோங்காட் வாசகர்: டாக்டர் ஐயா, கோழிக்கு வரும் காய்ச்சல் புலி, சிங்கத்தையும் கொல்லுமா?

கொல்லும். 2003 இறுதியில் தாய்லாந்தின் சுபன்புரி உயிரியல் பூங்காவில், கோழியைப் பச்சையாகத் தின்ற இரண்டு புலிகளும் இரண்டு சிறுத்தைகளும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமியால் மடிந்தன. மறு ஆண்டு அக்டோபரில் ஸ்ரீராச்சா புலிக் காட்சிசாலையில் இருந்த 441 புலிகளில் 147 நோயால் செத்தன அல்லது நோய் முற்றியதால் கொல்லப்பட்டன. கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல், மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் ஆகியவை அங்கே காணப்பட்ட அறிகுறிகள். பச்சைக் கோழியை நிறுத்திய பிறகும் புதிதாகப் புலிகள் நோயுற்றதால், புலியிலிருந்து புலிக்கும் தொற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2024-இல் வியட்நாமில் 47 புலிகளும் மூன்று சிங்கங்களும் ஒரு கருஞ்சிறுத்தையும் இதே கிருமிக்குப் பலியாயின.

நம் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சிங்கங்கள் கூண்டில் வளர்கின்றன. பண்ணைகளில் தானாகச் செத்த கோழிகள் மலிவாகக் கிடைப்பதால், பல இடங்களில் அவையே தீனி. எதனால் செத்தது என்று தெரியாத கோழியைப் பூனையினம் எதற்கும் போடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: முட்டை சாப்பிடலாமா?

மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள், அம்மா.

ஃபீனிக்ஸ் வாசகர்: செத்த கோழியை ஒரு வாரம் டீப் ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறார்களே?

சாகாது, தம்பி. ஆய்வகங்களில் இக்கிருமியைப் பாதுகாத்து வைப்பதே கடுங்குளிரில்தான். இறைச்சியின் உட்பகுதி 70 டிகிரி சூட்டை எட்டினால்தான் கிருமி அழியும்.

அதே வாசகர்: என் நண்பர் பல வருடமாக அப்படித்தான் போடுகிறார். ஒரு சிங்கமும் சாகவில்லையே?

அந்தக் கோழிகளில் இக்கிருமி இல்லாதிருந்திருக்கும், அவ்வளவே. ஆனால் நம் நாட்டுக் கோழிகளுக்கு 2017-இல் எச்5என்8 என்ற பறவைக் காய்ச்சல் வகை வந்தது. 2023-இல் எச்7என்6 என்ற இன்னொரு வகை பரவி முட்டைத் தட்டுப்பாடே ஏற்பட்டது. பண்ணையில் நோய் உறுதியாவதற்கு முன்பே செத்த முதல் சில கோழிகள்தான் தீனி வண்டியில் ஏறிவிடுகின்றன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: சிங்கத்துக்குச் செத்த கோழிக்குப் பதிலாக மாட்டிறைச்சி போட்டால், அதற்கு ஆகும் செலவை யார் தருவது?

வளர்ப்பவர்தான் தரவேண்டும். நல்ல தீனிக்கு வழியில்லாதவர் சிங்கம் வளர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோழிதான் வாங்க முடியும் என்றால், பரிசோதிக்கப்பட்ட அறுப்புக்கூடத்திலிருந்து வாங்கி, வேகவைத்துப் போடட்டும். இதற்கு மேல் இந்த வாதத்தை வளர்க்க விரும்பவில்லை.

வெருலம் வாசகி: ஆடிக் கூழ் பூஜைக்கு உயிர்க்கோழி வாங்கலாமா?

சுறுசுறுப்பாக இருப்பதை வாங்கலாம். தலை வீங்கியதையும், கொண்டை நீலம் பாய்ந்ததையும், கழுத்து திருகியதையும் வாங்கவோ அறுக்கவோ வேண்டாம். அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்.

கேப் டவுன் வாசகர்: பென்குயின்கள்?

அவற்றுக்கும் வரும். 2021-இல் மேற்குக் கேப்பில் 20,000-க்கும் மேற்பட்ட கேப் நீர்க்காகங்கள் மடிந்தன. அழிவின் விளிம்பில் நிற்கும் ஆப்பிரிக்கப் பென்குயினை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. கரையில் சோர்ந்து கிடப்பதைத் தூக்காமல், சான்காப் கடற்பறவை மறுவாழ்வு மையத்தை அழையுங்கள்.

டோங்காட் வாசகி: முட்டை...

மேலே சொல்லிவிட்டேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்: வீட்டுப் பூனைக்குப் பச்சைக் கோழி ஈரல்?

பூனையும் புலியின் இனமே. வேகவைத்துப் போடுங்கள்.