வெடித்த விண்மீனின் சாம்பலா, கேலக்ஸியின் வாயுவா?

அன்புள்ள ஐயா,

காமா கதிர் வெடிப்புகளைக் கொண்டு தொலைதூரக் கேலக்ஸிகளில் உள்ள தனிமங்களை அளக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். வெடிப்பது ராட்சத விண்மீன். ஆக்சிஜன், இரும்பு எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே உண்டாகின்றன. அப்படியென்றால் அங்கே தெரியும் இரும்பு அந்த விண்மீன் கக்கியதாகவே இருக்கலாமே? அதை ஒரு கேலக்ஸியின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். இந்தத் துறையில் இருப்பவர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

தனிமங்களை அளக்க உதவுவது காமா கதிர் அல்ல. அது பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை சரி. அப்புறம் மணிக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும் பின்னொளிதான் நமக்கு விளக்கு. அது தன் கேலக்ஸியின் வாயுவைக் கடந்து வரும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்கிறது. நிறமாலையில் விழும் அந்தக் கருங்கோடுகளிலிருந்து ஹைட்ரஜன் எவ்வளவு, கந்தகமும் துத்தநாகமும் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். இரும்பை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம், அது தூசுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். 2005 செப்டம்பரில் நிகழ்ந்த ஒரு வெடிப்பின் பின்னொளியை ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கி ஆராய்ந்தபோது கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன், கந்தகம் நான்கின் கோடுகளும் தெரிந்தன. அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்துக்கு 90 கோடி வயதுகூட நிரம்பவில்லை!

இப்போது உங்கள் சாம்பலுக்கு வருகிறேன். 2006 ஏப்ரல் 18 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைக் கண்டது. சிலியின் பரனால் மலையில் இருக்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கி, மனிதக் கை படாமல் தானே அந்தப் பக்கம் திரும்பி, பத்தே நிமிடத்தில் படமெடுக்கத் தொடங்கியது. 11, 16, 25, 41, 71 ஆவது நிமிடங்களில் ஐந்து நிறமாலைகள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரும்பு, நிக்கல் அயனிகளின் சில கோடுகள் மாறிக்கொண்டே போவது தெரிகிறது. வெடிப்பின் புற ஊதா ஒளி அந்த அயனிகளைக் கிளர்த்திக்கொண்டிருக்கிறது, அதாவது அவற்றின் எலக்ட்ரான்களை மேல் ஆற்றல் நிலைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. வாயு பக்கத்தில் இருந்தால் கிளர்ச்சி அதிகம், தள்ளியிருந்தால் குறைவு. ஆகவே மாற்றத்தின் போக்கை வைத்தே வெடிப்புக்கும் அந்த வாயுவுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட முடிந்தது: சுமார் 5,500 ஒளியாண்டு.

இந்த எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது. பதினோரு நிமிடத்தில் வெடிப்பின் சிதறல் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? அதற்கு முன் அந்த விண்மீன் தன் வாழ்நாளில் ஊதித் தள்ளிய வாயுவும் அத்தனை தூரத்துக்குப் போய்ச் சேராது. போதாததற்கு, வெகு அருகில் இருக்கும் வாயுவின் எலக்ட்ரான்களை வெடிப்பு உரித்துவிடுவதால் இந்தக் கோடுகள் அங்கே உருவாகவே முடியாது. கோடு போட்டது கேலக்ஸியின் வாயுதான்.

ஆனால் உங்கள் ஆட்சேபத்தில் பாதி மிச்சமிருக்கிறது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்வைக்கோடு, அதாவது வெடிப்பிலிருந்து நம்மை நோக்கி வரும் ஒளியின் ஒற்றைப் பாதை. கேலக்ஸியின் வேறொரு மூலையில் நிலைமை வேறாக இருக்கலாமே? இதைச் சோதிக்க, முன்பு பின்னொளியில் அளந்த எட்டு கேலக்ஸிகளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் மறுபடி பார்த்தார்கள். பின்னொளி காட்டியது குளிர்ந்த வாயு. இந்த முறை விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் ஒளிரும் சூடான வாயுவை அளந்தார்கள். இரண்டு அளவுகளும் நன்றாகவே ஒத்துப்போயின. அந்த ஒற்றுமை, ஒளிரும் வாயுவைக் கணக்கிடும் ஒரு புதிய முறையில்தான் தெளிவாகத் தெரிந்தது, மற்ற முறைகளில் அவ்வளவு இல்லை. எட்டு என்பதும் சிறிய எண்தான். எனவே ஒரு பார்வைக்கோடு மொத்தக் கேலக்ஸிக்கும் பேசுகிறது என்று இப்போதைக்கு நம்பலாம், அடித்துச் சொல்ல இன்னும் பல கேலக்ஸிகளை அளக்க வேண்டும்.